பழைய கமரா, வராத பற்றரி: தொடங்குபவர்களுக்கு

பழைய பிலிம் கமரா ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். பற்றரி மூடியைத் திறந்து, உள்ளே கிடப்பதை எடுத்துக்கொண்டு மணிக்கூட்டுக் கடைக்குப் போவது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இப்ப வாறேல்லை தம்பி" என்பார். அத்தோடு கமரா திரும்பவும் அலுமாரிக்குள் போய்விடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிநாட்டிலிருந்து வந்த மாமாமார், சித்தப்பாமார் கொண்டுவந்தவை, மூடிய ஸ்ரூடியோக்களில் இருந்து கைமாறியவை என்று யாழ்ப்பாணத்து வீடுகளில் றங்குப்பெட்டிக்குள் கிடக்கும் கமராக்கள் கொஞ்சமல்ல.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பற்றரி உண்மையிலேயே வராது. ஆனால் அதே உருவத்தில் பற்றரி தேடுவதுதான் பிழை. உருவத்தை ஒரு றப்பர் வளையம் சரிக்கட்டிவிடும். வோல்ற்றளவை வளையம் போட்டுச் சரிக்கட்ட ஏலாது. ஆகவே தேடவேண்டியது வோல்ற்றளவை. அளவும் வடிவமும் அதற்குப் பிறகு.

முதலில்: பற்றரி உண்மையில் வேண்டுமா?

இதைக் கேட்காமலே பலர் காசு செலவழிக்கிறார்கள். கமராவின் பெயரைப் பாருங்கள்.

ஒலிம்பஸ் ஓஎம்-1, பென்ராக்ஸ் ஸ்பொட்மற்றிக், பென்ராக்ஸ் கே1000, மினோல்ரா எஸ்ஆர்-ரி 101, நிக்கோன் எஃப்எம்2 ஆகியவற்றில் ஷட்டர் முழுக்க இயந்திரம். பற்றரி இல்லாமலே எல்லா வேகமும் வேலை செய்யும். பற்றரி வெளிச்சத்தை அளக்கும் லைற் மீற்றருக்கு மட்டும்தான். கனன் கனோனெற் கியூஎல்17 ஜி-III உம் கிட்டத்தட்ட அப்படித்தான்: தானியங்கி நிலை வேலை செய்யாது, கையால் ஷட்டர் வேகமும் லென்ஸின் துவாரமும் வைத்தால் எடுக்கும்.

யாஷிகா எலக்ட்ரோ 35 நடுவில் நிற்கும் ஆள். பற்றரி இல்லாவிட்டால் வினாடியில் 500 இல் ஒரு பங்கு வேகத்தில் மட்டும் அடிக்கும். நல்ல வெயிலில் அது போதும், வீட்டுக்குள் ஒன்றுக்கும் உதவாது. 1976 இல் வந்த கனன் ஏஈ-1 இன்னொரு பக்கம்: பற்றரி இல்லையென்றால் பட்டனை எவ்வளவு அமத்தினாலும் ஒரு சத்தமும் வராது. அதைப் 'பழுது' என்று விலை குறைத்து விற்பவர்களும் உண்டு, வாங்குபவருக்கு அதிர்ஷ்டம். நல்லகாலம், அதற்கு வேண்டிய 6 வோல்ற்று 4எல்ஆர்44 இன்னும் தயாரிக்கிறார்கள்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35, ஸெனிற்-ஈ போன்றவற்றின் முன்பக்கத்தில் குமிழ் குமிழாக ஒரு கண்ணாடி இருக்கும். அது செலேனியம் செல். வெளிச்சமே அதற்கு மின்சாரம். பற்றரி அறையைத் தேடிக் கமராவைக் குடையாதீர்கள், அப்படி ஒன்று இல்லை.

முதல் வகைக் கமரா என்றால் பற்றரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு 'எஃப் 16' கணக்கு நன்றாக ஒத்துவரும்: தெளிந்த வெயிலில் துவாரம் 16, வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்டவான பங்கு. 200 பிலிம் என்றால் 250 இல் ஒரு பங்கு. 400 பிலிம் என்றால் 500 இல் ஒரு பங்கு. வெள்ளை மணல் கண்ணைக் கூசும் கடற்கரையில் துவாரத்தை 22 ஆக்குங்கள். மாரிகால மந்தாரத்துக்கு 8. வேப்பமர நிழலில் ஆளை நிறுத்தினால் 4. நெகற்றிவ் பிலிம் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகும். கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் தாங்கும்.

அந்தப் பற்றரி ஏன் நின்றது

பழைய கமராக்களில் பெரும்பாலும் இருந்தது பாதரச ஒட்சைட்டுப் பற்றரி. பிஎக்ஸ்625, பிஎக்ஸ்13 என்று பெயர். அதன் சிறப்பு: 1.35 வோல்ற்று. முதல் நாளும் 1.35, கடைசி நாளும் ஏறத்தாழ 1.35, பிறகு ஒரேயடியாகச் செத்துப்போகும். அந்த நிலைத்தன்மையை நம்பித்தான் கமராக்காரர்கள் பல மொடல்களில் வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் சுற்றைப் போடாமலே விட்டார்கள். பற்றரியே அளவுகோலாக இருந்தது.

பாதரசம் நஞ்சு. 1996 இல் அமெரிக்கா சட்டம் போட்டு இந்தப் பட்டன் செல்களைத் தடைசெய்தது. 2000 ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலும் விற்பனை இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013 இல் கையெழுத்தான மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை 2017 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இணையத்தில் 'பழைய இருப்பு, பாவிக்காதது' என்று ஒருவர் பிஎக்ஸ்625 விற்றால் கைவையாதீர்கள். அது குறைந்தது இருபது வருடம் கிடந்த பண்டம்.

மூடியைத் திறப்பது

அடிப்பக்கத்து மூடியில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதற்கு ஒரு ரூபாய்க் குத்தி கணக்காகப் பொருந்தும். ஆணி திருகும் சாமானால் திருகினால் மூடியின் வெட்டுத் தேய்ந்துபோகும். இறுகி நின்றால் பலாத்காரம் வேண்டாம். ஓரத்தில் ஒரு துளி சேர்ஜிக்கல் ஸ்பிறிற் விட்டு இரவு முழுக்க விடுங்கள். அடுத்த நாள் றப்பர்த் துண்டு ஒன்றை மூடியில் அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். கடலோரத்து ஊர்களில் வைத்திருந்த கமராக்களில் இந்தத் தொல்லை அதிகம். உப்புக் காற்று அலுமினிய மூடியையும் பித்தளை மறையையும் ஒன்றாகப் பிடிக்கவைத்துவிடும்.

உள்ளே பழைய பற்றரி இருந்தால் நில்லுங்கள். அதன் முதுகைப் பாருங்கள். பிஎக்ஸ்625, பிஎக்ஸ்13, எம்ஆர்9, எச்-டி என்று ஏதாவது தெரிந்தால் பாதரசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விறாந்தையிலோ முற்றத்திலோ, காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு எடுங்கள். மோதிரம், காப்பு எல்லாம் முதலே கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டினால் தங்கம் வெளுத்துப்போகும். கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் யாரையும் கேட்டுப் பாருங்கள். எடுத்ததை மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு இறுக்கி மூடி, 'பாதரசம்' என்று எழுதி ஒட்டுங்கள். வெட்டிப் பார்க்கக் கூடாது, குப்பையோடு எரிக்கக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது.

பற்றரி கசிந்திருந்தால் அறைக்குள் வெள்ளைப் பொடியோ பச்சைநீலப் பூச்சோ தெரியும். அல்கலைன் கசிவு காரம். காரத்தைக் கொல்வது புளிப்பு. தேசிக்காய்ப் புளியில் ஒரு துளியை, இல்லாவிட்டால் வினாகிரியை, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியின் நுனியில் எடுத்து, ஈரம் வடியாத அளவுக்குப் பிழிந்து, பூச்சின் மேல் வையுங்கள். சின்னதாக நுரைக்கும். நுரை அடங்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். தேசிக்காய்ச் சாறை அப்படியே விட்டால் அதுவே செம்பை அரிக்கும், ஆகவே தண்ணீர் தொட்ட குச்சி ஒன்று, கடைசியில் ஸ்பிறிற் தொட்ட குச்சி ஒன்று என்று முடியுங்கள். தகட்டில் இன்னும் கறுப்பு நின்றால் பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் பளபளக்கும். உப்புத்தாள் வேண்டாம், மேல் முலாம் போய்விட்டால் அடுத்த மாரிக்குக் கறல் திரும்ப வரும்.

எல்லாம் துடைத்தும் மீற்றர் முள் அசையாவிட்டால் கசிவு கம்பி வழியே உள்ளே ஏறியிருக்கலாம். அறையில் இருந்து போகும் மெல்லிய கம்பி உறைக்குள்ளேயே பச்சையாகிச் செத்துக் கிடக்கும். கம்பியை மாற்றி ஈயம் வைப்பது பெரிய வேலையில்லை. ரேடியோ, கைத்தொலைபேசி திருத்துபவர் யாரும் அரை மணித்தியாலத்தில் முடிப்பார். அடித்தகட்டைக் கழற்றுவதை மட்டும் நீங்கள் கவனமாகச் செய்து கொடுங்கள்; சின்ன ஆணிகள் எந்த ஓட்டைக்குப் போனது என்று ஒரு கடுதாசியில் படம் கீறி அதன் மேல் வைத்தால் தொலையாது.

எழுத்தும் இலக்கமும்

பட்டன் செல்லின் முதுகில் இருப்பதை வாசிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாறமாட்டீர்கள். முதல் எழுத்து உள்ளே இருக்கும் இரசாயனம். 'எல்' என்றால் அல்கலைன், 'எஸ்' என்றால் வெள்ளி ஒட்சைட்டு, 'சி' என்றால் லிதியம், 'பி' என்றால் காற்றில் ஓடும் சிங்க்-எயார். அடுத்த 'ஆர்' வட்டம் என்பதைக் குறிக்கும். ஆகவே எல்ஆர்44 உம் எஸ்ஆர்44 உம் அளவில் ஒன்றே, 11.6 மில்லிமீற்றர் விட்டம், 5.4 உயரம். உள்ளே இருப்பதுதான் வேறு.

ஒரே சாமானுக்குப் பல பெயர்கள் இருப்பதுதான் புதியவர்களைக் குழப்பும். எல்ஆர்44, ஏ76, ஏஜி13, எல்1154 நான்கும் ஒன்று. எஸ்ஆர்44 இன் இன்னொரு பெயர் 357. இவற்றை விட மெல்லிய எஸ்ஆர்43 ஐ மணிக்கூட்டுக்காரர் 386 என்பார். சின்ன எஸ்ஆர்41 அவருக்கு 392.

இப்போது ஒரு பொறி. 'பிஎக்ஸ்625ஏ', 'வி625யு', 'எல்ஆர்9' என்று இன்றும் கிடைக்கும். அளவு கச்சிதம், கமராவுக்குள் அழகாகப் போய் இருக்கும். ஆனால் மூன்றும் அல்கலைன், 1.5 வோல்ற்று. பழைய பெயரின் வாலில் ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டு வேறு சாமானை விற்கிறார்கள் என்று சொன்னால் கடுமையாக இருக்கலாம், ஆனால் நடப்பது அதுதான்.

1.35 வோல்ற்றுக்கு என்ன செய்வது

கூடிய வோல்ற்றளவு போட்டால் என்ன ஆகும்? முள் அளவுக்கு மிஞ்சி அசையும். வெளிச்சம் உள்ளதை விடக் கூட இருக்கிறது என்று மீற்றர் நினைக்கும். நீங்கள் துவாரத்தைச் சுருக்குவீர்கள். படம் இருண்டு வரும். பல கமராக்களில் பிழை ஒரு நிறுத்தம் (ஸ்ரொப், அதாவது வெளிச்சம் இருமடங்கோ பாதியோ ஆகும் அளவு), சிலவற்றில் அதையும் தாண்டும். அதோடு அல்கலைன் தேயத் தேய வோல்ற்றளவு இறங்கிக்கொண்டே போகும், ஆகவே இந்த மாதத்துப் பிழை அடுத்த மாதத்துப் பிழை அல்ல. அதனால்தான் அல்கலைன் 625 ஐ நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஒரு விதிவிலக்கு: 1964 இல் வந்த பென்ராக்ஸ் ஸ்பொட்மற்றிக். அதன் மீற்றர் சமப்படுத்தும் பாலச் சுற்று, வோல்ற்றளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறாது. வெள்ளி ஒட்சைட்டு எஸ்ஆர்41 ஐ ஒரு சின்ன றப்பர் வளையத்துக்குள் வைத்துப் போடுங்கள், வேலை முடிந்தது. மற்றவர்களுக்குத்தான் கீழே உள்ள கதை.

*காது கேட்கும் கருவியின் பற்றரி.* தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சிங்க்-எயார் 675, நீல நிற ஒட்டுத்தாளோடு வரும். வேலை செய்யும்போது 1.35 இலிருந்து 1.4 வரை நிற்கும், பாதரசத்துக்கு இவ்வளவு கிட்ட வருவது வேறில்லை. கேட்கும்போது "675, காது மிசினுக்குப் போடுறது, நீல ஸ்ரிக்கர்" என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் இலக்கம் சொன்னால் எல்ஆர்44 ஐத் தூக்கித் தருவார்கள், இரண்டும் ஒரே அளவு என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காது கருவி விற்கும் இடங்களிலும் பெரிய பார்மசிகளிலும் விசாரியுங்கள்.

பிஎக்ஸ்625 இருந்த அறை 16 மில்லிமீற்றர், செல் 11.6. இடைவெளியை நிரப்ப ஹாட்வெயார் கடையில் குழாய்க்குப் போடும் றப்பர் வளையங்களில் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். செல்லைக் கையில் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. வளையம் அகப்படாவிட்டால் பழைய சைக்கிள் ரியூப்பில் இருந்து செல்லின் உயரத்தை விடக் கொஞ்சம் குறைவான அகலத்தில் ஒரு நாடா வெட்டி, செல்லைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுங்கள். கத்தரிக்கோல் நேராக ஓட வேண்டும். நாடா செல்லின் விளிம்புக்கு மேலே எட்டினால் தொடுகை கிடைக்காது. உயரம் குறைவாக இருந்து செல் ஆடினால், மின்மறைப் பக்கத்தில், அதாவது சின்ன மேடாக இருக்கும் பக்கத்தில், அலுமினியத் தாளைச் சின்ன உருண்டையாக்கி வையுங்கள். தட்டையான நேர்ப் பக்கத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகள் இருக்கும். செல் மூச்செடுப்பது அதனால்தான். அங்கே தாளும் வைக்கக் கூடாது, பசையும் ஒட்டக் கூடாது. தாள் உருண்டை இரண்டு முனையையும் சேர்த்துத் தொடாமலும் பாருங்கள்.

நீலத் தாளை உரித்ததும் உடனே மூடியைப் பூட்டவேண்டாம். ஐந்து நிமிடம் வெளியே விடுங்கள், காற்று உள்ளே போகட்டும். உரித்த நிமிடத்திலிருந்து அதன் ஆயுள் ஓடத் தொடங்கும். நீங்கள் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில மாதத்துக்குள் முடிந்துவிடும். திரும்ப ஒட்டி வைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்பது வீண் ஆசை. எங்கள் மாரி ஈரமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது, உள்ளே நீர் ஏறிச் செல் உப்பிவிடக்கூடும். படம் எடுக்கப் போகும் கிழமைக்கு உரியுங்கள், படச்சுருள் முடிந்ததும் கழற்றுங்கள்.

*வெள்ளி ஒட்சைட்டும் டயோட்டும்.* வெள்ளி ஒட்சைட்டு 1.55 வோல்ற்று, பாதரசம் போலவே கடைசிவரை நிலையாக நிற்கும். மிஞ்சிய 0.2 வோல்ற்றை ஷொட்கி டயோட் என்ற சின்ன மின்னணு உறுப்பு விழுங்கிவிடும். இதற்கென்றே செய்த எம்ஆர்-9 மாற்றி யப்பானில் இருந்து வருகிறது, உள்ளே 386 போடவேண்டும், வெளியே 625 இன் உருவம். விலை கூட. ஆனால் ஒரு முறை வாங்கினால் போதும், ஒரு கமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். கையால் செய்வதென்றால் பிஏரி83 என்ற சின்ன டயோட்டைத் திருத்துபவரிடம் கொடுத்து, அடித்தகட்டுக்குள் நேர்க் கம்பியில் இடையில் வைத்து ஈயம் பிடிக்கச் சொல்லுங்கள். டயோட்டின் கோடு போட்ட முனை மீற்றர் பக்கம் பார்க்க வேண்டும். மாறி வைத்தால் ஒன்றும் எரியாது, முள் அசையாது, அவ்வளவுதான்.

*ஐஎஸ்ஓ வைக் குறைத்து வைப்பது.* 1.55 வோல்ற்று செல்லை அப்படியே போட்டு, 400 பிலிமுக்கு மீற்றரில் 200 என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். நெகற்றிவ் பிலிமுக்கு அவசரத்தில் ஆகும். ஆனால் பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில் சரிக்கட்டினால் நிழலில் தப்பும். ஸ்லைட் பிலிம் போட்டிருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

நல்ல திருத்துநர் கிடைத்தால் மீற்றரையே 1.55 க்கு மாற்றி அமைக்கலாம். அப்படிச் செய்தால் அடித்தகட்டின் உள்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிறகு வாங்குபவர் சிங்க்-எயார் போட்டுத் தலையைச் சொறிவார்.

யாஷிகாவும் ஆறு வோல்ற்றும்

யாஷிகா எலக்ட்ரோ 35 இல் இருந்தது 5.6 வோல்ற்றுப் பாதரசப் பற்றரி, பிஎக்ஸ்32. இதற்கு 6 வோல்ற்று நன்றாக வேலை செய்யும், டயோட் ஒன்றும் தேவையில்லை. பிரச்சினை நீளம் மட்டும்தான். 4எல்ஆர்44 இன் நீளம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர், அறைக்கு வேண்டியது 45. பழைய கலண்டர் மட்டையைச் சுருட்டிக் குழாய் செய்யுங்கள், பற்றரியை அதற்குள் விடுங்கள், மிச்ச இடத்துக்குப் பழைய ரோச் லைற்றின் சுருள் கம்பி ஒன்றைப் போடுங்கள். கம்பி துருவில்லாததாக இருக்கட்டும். நேர் மறை அடையாளம் அறையிலேயே இருக்கும். பிறகு பின்பக்கத்துப் பட்டனை அமத்துங்கள்; படம் எண்ணும் இடத்தில் பச்சை வெளிச்சம் வந்தால் சரி.

4எல்ஆர்44 கிடைக்காவிட்டால் நான்கு எல்ஆர்44 ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடுதாசியால் சுற்றிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதும் அதேதான். ஒன்று முக்கியம்: கடையில் அதே மாதிரித் தோற்றத்தில் 23ஏ, 27ஏ என்று தருவார்கள், கேற் றிமோட்டுக்கும் வாகன அலாரத்துக்கும் போடுவது. அவை 12 வோல்ற்று. போட்டால் நாற்பது ஐம்பது வருடத்துப் பழைய சுற்றை எரித்துவிடலாம். 6 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

சரிபார்ப்பது

மல்டிமீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள், மலிவானதே போதும். நேரோட்டம், 20 வோல்ற்று நிலை. ஆனால் அது சொல்லாத ஒன்று உண்டு: புது அல்கலைனும் புது வெள்ளி ஒட்சைட்டும் இரண்டும் ஏறத்தாழ 1.55 தான் காட்டும். ஆகவே கடையில் 'எஸ்ஆர்44' என்று தந்தது உண்மையில் வெள்ளிதானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. செல்லின் முதுகில் வெட்டியிருக்கும் எழுத்தை வாசியுங்கள். அட்டையில் அச்சடித்ததை நம்பவேண்டாம்.

பிறகு கமராவைக் கைத்தொலைபேசியின் லைற் மீற்றர் செயலியோடு ஒப்பிடுங்கள். மூன்று இடத்தில் செய்யவேண்டும். மத்தியான வெயிலில் ஒரு வெறும் சுவர், விறாந்தைக்குள் அதே மாதிரி ஒரு சுவர், இரவில் லைற் போட்ட அறையில் ஒரு சுவர். இரண்டும் அதே தூரத்தில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும், வானம் உள்ளே வரக் கூடாது. மூன்றிலும் அரை நிறுத்தத்துக்குள் ஒத்தால் கவலையை விடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு பிழைத்தால் ஐஎஸ்ஓ வை மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பிழைத்தால் வோல்ற்றளவைச் சந்தேகியுங்கள். அது சரியென்றால் உள்ளே இருக்கும் ஒளியுணர் செல் களைத்துப்போயிருக்கும்.

சேர்த்து வைப்பது

பற்றரி சேர்த்துவைக்கும் பழக்கம் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஆழமாக இருக்கிறது. 1990 க்குப் பிறகான பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட காலம் அது. செத்த ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் உயிர் எடுத்தவர்கள் இன்றும் ஒரு பற்றரியைத் தூக்கி எறிய மனம் வராமல் மேசை லாச்சிக்குள் போடுவார்கள். கமராவுக்குப் போடும் பட்டன் செல்லை அப்படிக் காயவைப்பதில் பயனில்லை, கசிவதுதான் மிச்சம். அளவுக்கு மிஞ்சி வாங்கிக் குவிப்பதும் வீண். சிங்க்-எயார் ஒட்டுத்தாள் உரிக்காமல் மூன்று வருடம் வரைதான் தாங்கும். நல்ல லிதியம் பத்து வருடம் வரை கிடக்கும். மற்றவை இடையில். வாங்கும்போதே முதுகுப்பக்கத்துத் திகதியைப் பாருங்கள்.

பற்றரிக்கு முதல் எதிரி வெப்பம். வெப்பம் கூடக் கூட, பாவிக்காமலே வடிந்துபோவதும் கூடும். தகரக் கூரை அறை, சமையலறை மேல்தட்டு, வெயிலில் நிற்கும் வாகனத்தின் முன்தட்டு மூன்றும் கூடாது. வீட்டின் நடு அறையில், சீமெந்து நிலத்துக்குக் கிட்ட, அலுமாரியின் கீழ்த்தட்டு நல்லது.

பிரிஜ்ஜுக்குள் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் ஈரப்பதத்துக்கு நான் வேண்டாம் என்பேன். குளிரில் இருந்து எடுத்தவுடன் செல்லின் மேல் நீர் வியர்க்கும், அந்த நீர்தான் முனைகளைக் கறல் பிடிக்கவைக்கும். கரண்ட் போய் வந்தாலும் அதே கதை. 2022 இல் ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் அட்டையைப் பிரிக்காமல், காற்றுப் புகாத டப்பாவுக்குள், கீழ்த்தட்டில். எடுத்தால் டப்பாவைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறக்கவேண்டும். பனிக்கட்டி அறைக்குள் ஒருபோதும் வேண்டாம். சிங்க்-எயாரைப் பிரிஜ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மற்றது, செல்களை அட்டையில் இருந்து கழற்றி ஒரே தகரப் பெட்டிக்குள் கொட்டி வைப்பது. ஒன்றோடொன்று முட்டி, தகரத்தோடு முட்டி, உள்ளுக்குள்ளேயே வடிந்துவிடும். லிதியம் சூடேறவும் கூடும். அட்டையோடே வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் செல்லோரேப்பில் தனித்தனியாகச் சுற்றுங்கள். வியர்த்த கையால் முனைகளைத் தொட்டால் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கமராவை ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். நல்ல பெயர் எடுத்த அல்கலைனும் கசியும். பொம்மைக் கடையில் பத்தாக அட்டையில் தொங்கும் ஏஜி13 கட்டாயம் கசியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதை அதே கமராப் பைக்குள் சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, போட்ட மாதத்தை எழுதிவையுங்கள். சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு பைக்குள் கிடந்தால் மாரிக்குக் கமராவுக்கும் நல்லது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இவை எல்லாம் பூட்டுக்குள் இருக்கவேண்டும். பட்டன் செல்லை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரிக்கத் தொடங்கும். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், வரும் என்று பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். நேரே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, அல்லது 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். செல்லின் அட்டையையும் கையில் கொண்டுபோங்கள்.

முடிந்த பற்றரியும் வாங்கவேண்டியதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் கிணற்றுத் தண்ணீர், மேலே கொட்டுவது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. பாதரசச் செல்லை வளவில் புதைப்பதும் பாழ்கிணற்றில் போடுவதும் எவ்வளவு கூடாது என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. போத்தலில் இறுக்கி வைத்ததை மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்தில், பாதரசம் என்று வாயால் சொல்லியே, ஒப்படையுங்கள். மற்றச் செல்களின் முனைகளில் ரேப் ஒட்டி ஒரு போத்தலில் சேர்த்து அதே இடத்தில் கொடுக்கலாம்.

லண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ யாரும் கோயில் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் அவர்களிடம் கேட்பது சுலபம். அங்கே 675 பார்மசி, சுப்பர் மார்க்கெற் எல்லாவற்றிலும் கிடக்கும். தபாலில் போடச் சொல்லாதீர்கள், தனிப் பற்றரிகளுக்குத் தபாலில் கட்டுப்பாடு உண்டு. வரும் ஆளுக்கு அனுப்பும் செய்தியில் படத்தோடு இப்படி எழுதிவிடுங்கள்: சிங்க்-எயார் 675, நீல ஸ்ரிக்கர், ஆறு உள்ள அட்டை ஒன்று மட்டும், திகதி தூரமாக இருப்பதாகப் பார்த்து. வெள்ளி ஒட்சைட்டு 357 நான்கு. யாஷிகாவோ ஏஈ-1 ஓ இருந்தால் 4எல்ஆர்44 இரண்டு. எல்லாம் கடை அட்டையைப் பிரிக்காமல். லிதியம் ஏதும் இருந்தால் கையில் கொண்டுவரும் பையில். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் தனி லிதியப் பற்றரி போடக்கூடாது.